சென்ட்ரல், எழும்பூரிலிருந்து சென்னை விமான நிலையம்: மெட்ரோவா, மின்சார ரயிலா, காரா?

கொங்குக்காரன்
வணக்கம். கோவையிலிருந்து இரவு வண்டி. காலை 6:30க்கு சென்ட்ரல். அன்றைக்கே 11:15க்கு சிங்கப்பூர் விமானம். மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவருக்கு வயது 70, முழங்கால் வலி. சமதரையில் நடப்பார், படி ஏறுவது கஷ்டம். பெரிய பெட்டி மூன்று, ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல். பழைய பதிவுகளில் ஒருவர் மீனம்பாக்கத்தில் இறங்கச் சொல்கிறார், இன்னொருவர் திரிசூலம் என்கிறார், மூன்றாமவர் ஆலந்தூரில் மாறச் சொல்கிறார். எதை நம்புவது? மெட்ரோவில் இத்தனை பெட்டியோடு போக முடியுமா, இல்லை காரே எடுத்துவிடலாமா?

நீலத்தடம்
மீனம்பாக்கம் என்பது பழைய பழக்கத்தில் சொல்வது, மற்ற இரண்டும் வேறு வேறு பயணத்துக்குப் பொருந்தும், அதனால்தான் குழப்பம். உங்களுக்கு மூன்றுமே வேண்டாம். சென்ட்ரலில் மெட்ரோ நீலத்தடத்தில் ஏறினால் நடுவில் எங்கேயும் மாறாமல் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம்.

இந்தத் தடம் விம்கோ நகரிலிருந்து வருகிறது. சென்ட்ரலுக்கு அப்புறம் அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம். ஏறின இடத்திலிருந்து 13ஆவது நிறுத்தம். 35லிருந்து 40 நிமிடம் ஆகும். கட்டணம் 40 ரூபாய், கைப்பேசியிலோ அட்டையிலோ எடுத்தால் 20 விழுக்காடு தள்ளுபடி போக 32.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இரண்டு தடங்களும் சந்திக்கின்றன. பச்சைத் தடத்துக்குப் போய்விட்டால் வண்டி எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று ஊரைச் சுற்றும். டிக்கெட் வாசலைத் தாண்டியதும் நீல நிற அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போங்கள், கூட்டம் போகிற பக்கம் போகாதீர்கள். இரண்டாவது, நீலத்தடத்தில் வரும் எல்லா வண்டியும் விமான நிலையம் போகாது. நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே மட்டும் கூடுதல் வண்டி விடுகிறார்கள். அது ஆலந்தூரோடு சரி, எல்லாரையும் இறக்கிவிடும். நடைமேடைப் பலகையில் 'விமான நிலையம்' என்று இருந்தால் ஏறுங்கள். 'ஆலந்தூர்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்தது சில நிமிடத்தில் வந்துவிடும். தெரியாமல் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். ஆலந்தூரில் இறங்கி அதே தடத்தில் பின்னால் வரும் விமான நிலைய வண்டியில் ஏறலாம், வேறு டிக்கெட் தேவையில்லை.

சக்கரப்பெட்டி
பெட்டி பற்றிக் கேட்டதற்கு: நுழைவாயிலில் விமான நிலையம் மாதிரியே எக்ஸ்ரே கருவி இருக்கும், மூன்று பெட்டியையும் அதில் போட்டு எடுக்க வேண்டும். பயணப் பெட்டிக்கு யாரும் தடுப்பதில்லை. மளிகைக் கடைச் சரக்கு மாதிரி மூட்டை, சாக்கு என்றால்தான் கேள்வி வரும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல் மாதிரி எரிபொருள் எதுவும் கூடாது.

டிக்கெட் வாசலில் சாதாரணக் கதவு குறுகல், பெரிய பெட்டி சிக்கும். ஓரத்தில் சக்கர நாற்காலிக்கென்று அகலமான கதவு ஒன்று இருக்கும், அதில் போங்கள். பெட்டியை முதலில் தள்ளிவிட்டு அப்புறம் அட்டையைக் காட்டினால் கதவு மூடிக்கொள்ளும். அட்டையைக் காட்டி, கதவு திறந்ததும் பெட்டியும் ஆளும் சேர்ந்தே போக வேண்டும்.

முக்கியமானது: எஸ்கலேட்டரில் 20 கிலோ பெட்டியோடு ஏறாதீர்கள், அதுவும் முழங்கால் வலிக்காரரோடு வேண்டவே வேண்டாம். தரைமட்டத்திலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து நடைமேடைக்கு இன்னொன்று. இரண்டும் அடுத்தடுத்து இருக்காது, சற்று நடக்க வேண்டும். இதற்கென்று 15 நிமிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மவுண்ட்ரோடு மணி
எல்லாம் சரி, ஆனால் 70 வயதுக்காரரும் மூன்று பெட்டியும் என்றால் கார்தான் என் ஓட்டு. காலை ஏழு மணிக்கு அண்ணா சாலை இன்னும் நெரிசல் ஆகியிருக்காது. சென்ட்ரல் வாசலில் ஏறினால் நேராகப் புறப்பாடு வாசலில் இறங்கலாம். லிஃப்ட் தேட வேண்டாம், ஸ்கேனில் போட்டு எடுக்க வேண்டாம். மூன்று பேருக்கு மெட்ரோ 120 ரூபாய், காருக்கு அதைப்போல நாலைந்து மடங்கு ஆகும். வெளிநாட்டுப் பயணத்தில் அது பெரிய தொகை இல்லை.

நீலத்தடம்
மணி அண்ணா, ஏழு மணிக்கு வண்டி கிளம்பினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கார் எட்டரை மணி அண்ணா சாலையில் மாட்டும். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை மேம்பால வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் சாலை குறுகும். அதைத் தாண்டினால் கிண்டி, கத்திப்பாரா. 18 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 40 நிமிடத்திலும் போகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். மெட்ரோவில் அந்த ஊசலாட்டம் கிடையாது.

இன்னொன்று, சென்ட்ரலில் செயலி வழியாகக் கார் பிடிப்பதே ஒரு வேலை. ஓட்டுநர் நிற்கிற இடம் ஒன்று, செயலி காட்டுகிற இடம் இன்னொன்று. வெளியே ஈவெரா சாலையில் நிறுத்த விடமாட்டார்கள், "சார், கொஞ்சம் முன்னாடி வாங்க" என்று போனில் கூப்பிடுவார்கள். மூன்று பெட்டியோடு அந்தக் கொஞ்சம் முன்னாடி நடப்பதற்கு மெட்ரோ லிஃப்டே மேல். கார்தான் என்றால் நிலைய வளாகத்திலேயே முன்பணம் கட்டும் டாக்ஸி கவுண்டருக்குப் போய் ரசீது வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வெளியே "ஏர்போர்ட் ஏர்போர்ட்" என்று வந்து பெட்டியைப் பிடிப்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

மவுண்ட்ரோடு மணி
ஒத்துக்கொள்கிறேன், தாமதமானால் மெட்ரோதான். ஆக முடிவை இறங்கிய பிறகு எடுக்கலாம்: ஏழரைக்குள் வெளியே வந்துவிட்டால் கார், அதற்கு மேல் என்றால் மெட்ரோ. ஞாயிறு என்றால் எந்த நேரமும் கார் ஓகே.

பல்லாவரத்தான்
திரிசூலம், மீனம்பாக்கம் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் காலத்திலிருந்தே ஊர் வாயில் 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்றே பழகிவிட்டது. அதை நம்பி மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டுப் பெட்டியோடு ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். மின்சார ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது திரிசூலம், மீனம்பாக்கத்துக்கு அடுத்த நிறுத்தம். மெட்ரோவில் வந்தால் கடைசி நிறுத்தம், அதன் பெயரே விமான நிலையம். மெட்ரோவிலும் மீனம்பாக்கம் என்று ஒரு நிலையம் உண்டு. அது கடைசிக்கு முந்தினது, அங்கேயும் இறங்க வேண்டாம்.

திரிசூலத்தில் இறங்கினால் எதிரே ஜி.எஸ்.டி. சாலை, அதற்கு அந்தப் பக்கம் விமான நிலையம். சாலையைக் குறுக்கே கடக்க நினைக்காதீர்கள், வண்டிகள் வரும் வேகத்துக்கு அது தற்கொலை. சுரங்கப்பாதை இருக்கிறது, அது வழியாகவே வரலாம். முனையம் வரை பெட்டியோடு 10லிருந்து 15 நிமிட நடை. படிகள் உண்டு. கேட்டவரின் குடும்பத்துக்கு இது ஒத்துவராது. தோளில் ஒரு பையோடு போகிறவருக்கு இதைவிட மலிவு எதுவும் இல்லை, டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நாஞ்சில் நிலா
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், அதே மாதிரிக் கேள்வி. நாகர்கோவிலிலிருந்து எழும்பூருக்கு வரும் வண்டி, காலை ஐந்தரை ஆறு மணிக்குள் சேரும். 9:40க்கு டெல்லி விமானம், உள்நாடு. ஒருத்தி மட்டும், கையில் ஒரு டிராலிப் பெட்டி, 12 கிலோ. எழும்பூரிலிருந்து மெட்ரோ எப்படி?

பல்லாவரத்தான்
எழும்பூருக்கே வர வேண்டாம்மா. தெற்கிலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும், உங்கள் டிக்கெட்டில் நிறுத்தப் பட்டியலைப் பாருங்கள். விமான நிலையம் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் இருக்கிறது. எழும்பூர் வரை போய்விட்டுத் திரும்பி வருவதென்றால், போக அரை மணிக்கு மேல், வர அரை மணிக்கு மேல் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண்.

தாம்பரத்தில் இறங்கி மேம்பாலம் ஏறி மின்சார ரயில் நடைமேடைக்கு வாருங்கள். கடற்கரை போகும் வண்டி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். நாலாவது நிறுத்தம், பத்துப் பன்னிரண்டு நிமிடம். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தே வரலாம். ஆனால் வண்டி தாமதமாகி ஏழரை தாண்டிவிட்டால் கதை வேறு. தாம்பரத்திலிருந்து நகரத்துக்குள் போகும் மொத்த அலுவலகக் கூட்டமும் அந்த வண்டியில்தான் ஏறும். ஏறிவிடலாம், திரிசூலத்தில் இறங்குவதுதான் சிரமம். பல்லாவரம் தாண்டியதுமே கதவுப் பக்கம் வந்துவிட வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் தாம்பரத்திலிருந்து கார். ஜி.எஸ்.டி. சாலையில் 10 கிலோமீட்டருக்குள்தான்.

தண்டவாளம்
பல்லாவரத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும், தாம்பரத்திலிருந்தே கிளப்புவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் நோக்கத்துக்கு அது லாபமே.

எழும்பூர் வரை எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டே தாம்பரத்திலிருந்து திரிசூலம் வரை மின்சார ரயிலில் போகலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பரிசோதகரிடம் நின்று விதி பேசுகிற வேலை விமானம் பிடிக்கிற அன்றைக்கு எதற்கு? தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். டிக்கெட் இல்லை என்று பிடித்தால் அபராதமே குறைந்தது 250 ரூபாய்.

ரயில்ஒன் செயலியில் எடுப்பவர்களுக்கு: காகிதமில்லா டிக்கெட்டை நடைமேடையில் நின்றுகொண்டு எடுக்க முடியாது, 'நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்' என்று மறுத்துவிடும். தாம்பரம் மாதிரி இடத்தில் இறங்கி அங்கேயே மாறுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைத் தேடி அதை ஸ்கேன் செய்து எடுக்கலாம், அல்லது தானியங்கி இயந்திரம், அல்லது கவுண்டர்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சாதாரண மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி தனியாக உண்டு. இருக்கையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, வெளியே எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு வழியில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கதவு தானாக மூடும், பெட்டியோடு போக வசதி. ஆனால் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண டிக்கெட் செல்லாது, ஒரு நாளைக்கு ஓடுவதும் சில நடைதான். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். நேரத்துக்கு வந்தால் ஏறிக்கொள்ளலாம்.

நாஞ்சில் நிலா
நன்றி. ஒருவேளை தாம்பரத்தில் தூங்கிப்போய் எழும்பூர் வந்துவிட்டால்?

நீலத்தடம்
அப்போதும் முதல் தேர்வு மின்சார ரயில். எழும்பூரிலேயே புறநகர் நடைமேடைக்குப் போய் தாம்பரம் பக்கம் போகிற எதிலாவது ஏறினால் நேராகத் திரிசூலம், 40 நிமிடத்துக்குள். அந்த நேரத்தில் நகரத்திலிருந்து வெளியே போகும் வண்டியில் நெரிசலும் இருக்காது. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணி வரை இது அப்படியே தலைகீழ். மாம்பலத்தில் ஏறுகிற கூட்டத்தில் பெட்டியை நிறுத்தி வைக்க முடியாது. அப்போது மெட்ரோ.

மெட்ரோ என்றால் எழும்பூர் பச்சைத் தடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்கவும். பக்கத்து நிலையமான சென்ட்ரலுக்கு வந்து நீலத்துக்கு மாறலாம், அல்லது அப்படியே பச்சையில் ஆலந்தூர் போய் அங்கே மாறலாம்.

கோயம்பேட்டார்
பச்சைத் தடத்திலேயே 'விமான நிலையம்' பலகையோடு நேரடி வண்டியும் விடுகிறார்களே, எழும்பூர்க்காரர்களுக்கு அதுதானே சுலபம்? எங்கேயும் இறங்கி ஏற வேண்டாம். கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் வழியாக ஆலந்தூர் வந்து அப்படியே விமான நிலையம் போய்விடும்.

நீலத்தடம்
நடைமேடைக்கு வரும்போது அது நிற்கிறதென்றால் ஏறுங்கள், ஆட்சேபணை இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நேரடி வண்டிகள் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் வரும், நடுவில் வருபவை பரங்கிமலையோடு முடியும். வழியும் நீளம். எழும்பூரிலிருந்து ஆலந்தூர் வரைக்குமே 14 நிறுத்தம் ஆகிவிடும், அதற்கு மேல் மூன்று. பெட்டி கனம், நேரம் இருக்கிறது என்பவருக்கு நேரடி வண்டி. கைப்பை மட்டும் என்றால் சென்ட்ரல் வந்து மாறுவதே வேகம்.

பரங்கிமலைப் பலகை போட்ட வண்டியில் ஏறியவர்கள் ஆலந்தூரிலேயே இறங்கிவிட வேண்டும். பரங்கிமலை வரை போய்விட்டால் அங்கே நீலத்தடம் கிடையாது, ஒரு நிறுத்தம் திரும்பி வரணும். அப்படிப் போய்விட்டால் வெளியே வந்து பக்கத்திலேயே இருக்கும் மின்சார ரயிலில் ஏறுங்கள். பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், மூன்றே நிறுத்தம்.

கோயம்பேட்டார்
ஏற்கிறேன். ஆலந்தூரில் இரண்டு தடமும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தளத்தில் இருக்கின்றன. வண்டியை விட்டு இறங்கியதும் எதிர்ப்பக்கம் நிற்கிற வண்டியில் ஏறிவிடக் கூடாது, தளம் மாற வேண்டும். அங்கே இருக்கும் லிஃப்டுக்கு எப்போதும் வரிசை.

இரவுப்பறவை
விடிகாலை, நள்ளிரவு விமானங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. சென்ட்ரலில் ஐந்து மணிக்கு வண்டி ஏறினாலும் விமான நிலையத்தில் இறங்கும்போது 5:40. முனைய வாசலுக்கு நடந்து, பாதுகாப்பு வீரரிடம் அடையாள அட்டை காட்டி உள்ளே போகும்போது ஆறு ஆகிவிடும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். ஆக ஏழரைக்கு முந்திய விமானத்துக்கு முதல் மெட்ரோவை நம்பக் கூடாது. கைப்பையோடு, இணையத்தில் இருக்கை போட்டு முடித்தவர் என்றால் ஏழு மணி விமானம் வரை ஓரளவு சமாளிக்கலாம்.

மின்சார ரயில் நாலு மணியை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. சென்ட்ரலில் இருப்பவர் ஈவெரா சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து எதிரே பூங்கா நிலையத்துக்குப் போக வேண்டும். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயில்கள் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவை. அவசரத்தில் அங்கே போய் ஏறிவிடாதீர்கள். விடிகாலை ரயிலுக்கு முன்பே போக வேண்டியவர்களுக்குக் கார் மட்டும்தான் வழி. அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், அரை மணி நேரம் போதும்.

வளைகுடா, ஐரோப்பா விமானங்கள் நள்ளிரவுக்கு மேல் நிறையக் கிளம்புகின்றன. இரண்டு மணி, மூன்று மணி விமானத்துக்கு இரவு ஒன்பதரை, பத்து மணி மெட்ரோவே பொருத்தம். பத்து மணிக்கு மேல் வண்டிகளுக்கு இடைவெளி கூடிவிடும், பதினொன்றோடு முடிந்துவிடும். கடைசி வண்டியைக் குறிவைத்துத் திட்டம் போடாதீர்கள்.

நான்காம் முனையம்
மெட்ரோவில் இறங்கியதும் என்ன என்பதையும் சொல்லிவிடலாம். நிலையம் உயரத்தில் இருக்கிறது, முனையங்களுக்கு நடைபாலம் உண்டு. டி1 உள்நாடு. டி2 பன்னாடு, 2023 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடம். டி4 முன்பு பன்னாட்டு முனையமாக இருந்தது, 2023 கடைசியிலிருந்து உள்நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. உள்நாட்டு விமானம் என்றாலே டி1 என்று போய் வாசலில் நின்ற பிறகு, "உங்களுக்கு டி4" என்று திருப்பி அனுப்புகிறார்கள். டி1க்கும் டி4க்கும் நடுவில்தான் டி2 இருக்கிறது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பெட்டியோடு ஓட வேண்டும். டெல்லிக்குப் போகிறவர் டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளவும். விமான நிறுவனங்களை முனையம் மாற்றுவதும் நடக்கும், அதனால் முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியில் என்ன போட்டிருக்கிறது என்பதே கணக்கு. டி4 தள்ளி இருக்கிறது. பேட்டரி வண்டி வந்தால் ஏறிக்கொள்ளலாம், இல்லையென்றால் கூடுதலாகப் பத்து நிமிடம் நடை.

கொங்குக்காரர் குடும்பத்துக்கு டி2. பெரியவருக்கு நடைபாலம் நீளமாகத் தெரியும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், இரண்டு நாளாவது முன்னால். ஆனால் அது முனைய வாசலிலிருந்துதான் கிடைக்கும், மெட்ரோ வாசலுக்கு வராது. அவருக்கு அந்த நடை முடியாது என்றால் மணி அண்ணா சொன்ன காரே சரி, வாசலிலேயே இறங்கலாம்.

தண்டவாளம்
ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. உள்நாட்டுக்கு, ரயில் சேர வேண்டிய நேரத்திலிருந்து நாலு மணி நேரம். பன்னாட்டுக்கு ஆறு. 6:30க்கு ரயில், 11:15க்கு விமானம் என்றால் நாலே முக்கால் மணி நேரம். பத்து மணிக்குள் கவுண்டரில் நிற்க வேண்டும் என்று வைத்தால், சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் போக ஒன்றே கால் மணி நேரத்தைக் கழித்தாலும், ரயில் இரண்டு மணி நேரம் வரை தாமதிக்கலாம். ஆறு மணி நேரம் இல்லாவிட்டாலும் பொதுவாக இது போதும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்றால் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ரயில், சாலை, விமான நிலையம் மூன்றுமே முடங்கின. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் விமான நிலையத்தை மூடினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே வந்து தங்குவதே உசிதம்.

வழியில் மின்சார ரயில் நின்றுவிட்டால் கிண்டியை நினைவில் வையுங்கள். அங்கே மின்சார ரயில் நிலையமும் மெட்ரோவும் பக்கத்துப் பக்கத்தில். இறங்கி நீலத்தடத்தில் ஏறினால் ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம். மெட்ரோ நின்றுவிட்டாலும் அதே கிண்டியில் மறுபக்கம் மாறலாம்.

கொங்குக்காரன்
எல்லோருக்கும் நன்றி. முடிவு: ஏழரைக்குள் வெளியே வந்தால் முன்பண டாக்ஸி, தாமதமானால் நீலத்தடம். அப்புறம் இன்னும் ஒன்று. பயண நாள் ஞாயிறு. அதில் ஏதாவது மாறுமா? மெட்ரோ டிக்கெட்டை முன்பே எடுத்து வைக்கலாமா?

நீலத்தடம்
ஞாயிறு வண்டிகளுக்கு இடைவெளி கூடும், அவ்வளவுதான். பத்து நிமிடம் கூட நின்றாலும் உங்கள் கணக்குக்குப் பாதகமில்லை. டிக்கெட்டை வாட்ஸாப்பில் 83000 86000 எண்ணுக்கு 'ஹாய்' அனுப்பி எடுக்கலாம், மூன்று பேருக்கும் சேர்த்தே வரும். ஆனால் ரயில் சென்ட்ரலுக்குள் நுழைந்த பிறகு எடுங்கள். அன்றைக்குக் காரில் போவீர்களா மெட்ரோவா என்பதே அப்போதுதான் தெரியும். சுரங்கத்துக்குள் சிக்னல் இழுபறியாக இருக்கும், அதனால் படி இறங்குவதற்கு முன்பே கியூஆரைத் திரையில் எடுத்துப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம்
ஞாயிற்றுக்கிழமை கவனிக்க வேண்டியது மின்சார ரயிலை. பராமரிப்புக்காகக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்துவது பெரும்பாலும் ஞாயிறு பகலிலும் இரவு நேரத்திலும்தான். அறிவிப்பு ஓரிரு நாள் முன்னால்தான் வரும். நாஞ்சில் நிலா, உங்கள் பயணமும் ஞாயிறு என்றால் வெள்ளி, சனியில் ஒருமுறை தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தாம்பரத்தில் இறங்குங்கள். தடம் மூடியிருந்தால் வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டி, பாரிமுனை பக்கம் போகும் மாநகரப் பேருந்துகள் வரும், விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

நாஞ்சில் நிலா
என் பயணம் செவ்வாய். டிக்கெட்டில் முனையம் டி4 என்று இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். திரிசூலம் சுரங்கப்பாதையில் வந்து மேலே ஏறியதும் எந்தப் பக்கம்?

நான்காம் முனையம்
'பன்னாட்டு முனையம்' என்று அம்புக்குறி காட்டும் பக்கம் நடங்கள். டி2 வாசல்களைத் தாண்டி இன்னும் போனால் டி4. பலகையில் 'உள்நாடு' என்று மட்டும் போட்டிருக்கும் அம்பு டி1க்குப் போவதாக இருக்கும், கூடவே எண்ணையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் துப்பாக்கியோடு நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலரிடமே கேட்கலாம், பொறுமையாகச் சொல்வார்கள்.